நரம்புக் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தல், வளர்த்தல், மூளைக்குள் செலுத்துதல்: ஆய்வுக்கூடத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நரம்புக் குருத்தணுவுக்கென்று, அதாவது மூளையின் ஸ்டெம் செல்லுக்கென்று, தனி நிறமோ தனி வடிவமோ கிடையாது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, "இதோ ஸ்டெம் செல்" என்று சுட்டிக்காட்ட எவராலும் இயலாது. தன்னைப் போன்ற அணுக்களைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் திறனும், நரம்பணு, அதற்குத் துணைநிற்கும் அஸ்ட்ரோசைட், நரம்பிழைகளுக்கு உறையிடும் ஒலிகோடென்ட்ரோசைட் ஆகிய மூன்று வகைகளாகவும் மாறவல்ல திறனும் ஒரே அணுவிடம் இருப்பதைச் சோதனையால் காட்டிய பிறகே அதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கலாம். ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே, "என்னிடம் இருப்பது குருத்தணுதான் என்பதை எப்படி நிறுவப்போகிறேன்?" என்ற கேள்விக்கான விடை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல்துறைத் தொழிற்கல்லூரிகளிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வருபவர்கள், பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்கள், ஆய்வு உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக எழுதப்படும் இக்கட்டுரை, செய்முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கேள்வியை முன்வைத்தே செல்கிறது.

வளர்ந்த பாலூட்டியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதில்லை என்பதே நெடுங்காலம் பாடநூல்களின் நிலைப்பாடாக இருந்தது. 1965இல் ஜோசப் ஆல்ட்மேனும் கோபால் தாஸும் எலியின் மூளையில், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் பிறப்புக்குப் பின்னரும் நரம்பணுக்கள் உருவாவதற்கான சான்றை வெளியிட்டபோது, அறிவியல் உலகம் அதற்கு உரிய கவனம் தரவில்லை. 1992இல் கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ரெனால்ட்ஸும் சாமுவேல் வைஸும், வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து பிரித்த அணுக்கள் ஈஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியின் துணையுடன் மிதக்கும் கோளங்களாகப் பெருகுவதைக் காட்டினர். இன்று நாம் பின்பற்றும் முறையின் அடிப்படை அதுவே. குருத்தணு ஆய்வில் சிங்கப்பூருக்கும் பழைய உறவு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இலங்கையில் பிறந்த ஆரிஃப் போங்சோவின் குழு 1994இலேயே மனிதக் கருவின் உள் அணுத்திரளைப் பிரித்தெடுத்து வளர்த்தது. இன்று புவன விஸ்தாவுக்கு அருகிலுள்ள பயோபொலிஸ், ஊட்ரம், நொவீனா, கெண்ட் ரிட்ஜ் ஆகிய இடங்களில் இத்துறைக்கு ஆய்வுக்கூடங்கள் உள்ளன.

அனுமதிகள்

முதல் வேலை கருவிகளைத் தேடுவதன்று, அனுமதி கேட்பது. சிங்கப்பூரில் விலங்குகளை அறிவியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை 2004ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆய்வு விலங்குகளுக்கான தேசிய ஆலோசனைக் குழு 2004இல் முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டி நெறிகளுக்கு ஏற்ப ஆய்வு நடக்கவேண்டும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதற்கான உரிமங்களை வழங்கிக் கண்காணிக்கிறது. உங்கள் நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்பு, பயன்பாட்டுக் குழு எழுத்துபூர்வமாக ஒப்புதல் அளிக்காமல் ஓர் எலியைக்கூடத் தொடக்கூடாது; பொறுப்பான விலங்குப் பராமரிப்புக்கான பயிற்சியையும் முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். அணுக்களுக்கு ஒளிரும் மரபணுவை வைரஸ் வழியாக ஏற்றுவதாக இருந்தால், மரபணு மாற்ற ஆலோசனைக் குழுவின் நெறிகளும் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும்.

மனித அணுக்கள் என்றால் வாசல் இன்னும் குறுகலானது. மனிதக் குருத்தணுக்களையோ மனித நரம்பணுக்களையோ உயிருள்ள விலங்கின் மூளைக்குள் செலுத்தும் ஆய்வை, 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு வகையில் வைத்திருக்கிறது. சுகாதார அமைச்சின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடங்க இயலாது. புதியவர்கள் சுண்டெலியின் அணுக்களைச் சுண்டெலிக்கே செலுத்தும் ஆய்வில் கை பழகிக்கொள்வதே நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரைக் கொல்வது குறித்த தயக்கம் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு உண்டு. அந்தத் தயக்கத்தை மறைக்கவோ அதற்காக வெட்கப்படவோ தேவையில்லை. 1959இல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் வகுத்த மாற்று வழி தேடல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்ற மூன்று கோட்பாடுகளும் அத்தகைய மனச்சான்றிலிருந்து பிறந்தவையே. ஒரு கருவுற்ற எலியிலிருந்து கிடைக்கும் அணுக்களை முறையாக உறைய வைத்தால், பல மாதச் சோதனைகளுக்கு வேறு விலங்கு தேவைப்படாது. ஆய்வு நேர்த்தியும் கருணையும் இங்கே ஒன்றாகவே செல்கின்றன.

எங்கிருந்து எடுப்பது

வளர்ந்த சுண்டெலியின் மூளையில் குருத்தணுக்கள் இரண்டு இடங்களில் செறிந்திருக்கின்றன. ஒன்று, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளான பக்க வென்ட்ரிக்கிள்களின் வெளிச்சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு. மற்றொன்று, ஹிப்போகேம்பஸின் டென்டேட் கைரஸ் பகுதி. இரண்டிலும் கிடைக்கும் அணுக்கள் குறைவு. சுற்றியுள்ள நரம்பிழைகளின் உறையான மையலின் கொழுப்பு பிரித்தெடுப்பதைக் கடினமாக்குகிறது. கருவின் மூளை அப்படிப்பட்டதன்று. 14ஆம் நாள் கருவின் முன்மூளையில் பெருகும் அணுக்களே மிகுதி, திசுவும் மென்மையானது. கற்றுக்கொள்பவர் 14ஆம் நாள் கருவில் தொடங்கி, கோளங்கள் தொடர்ந்து நன்றாக வளரும் நிலைக்கு வந்தபின் வளர்ந்த எலிக்குச் செல்வதே முறை. நாள் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள்: இணைசேர்ந்ததற்கான அடையாளம் காணப்பட்ட நாளின் நண்பகலைச் சிலர் 0.5 என்றும், சிலர் அந்த நாளையே 0 அல்லது 1 என்றும் எண்ணுகிறார்கள். விலங்கு வசதி நிலையத்தின் கணக்கு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், ஒரு நாள் முன்பின்னாகிவிடும்; கரு மூளையின் வளர்ச்சியில் ஒரு நாள் என்பது பெரிய இடைவெளி.

மூளையையே தொடாத வழியும் உண்டு. தூண்டப்பட்ட பன்முகக் குருத்தணுக்களிலிருந்து, இரண்டு சமிக்ஞைப் பாதைகளைத் தடுக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டு நரம்புக் குருத்தணுக்களை உருவாக்கலாம். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் அதன்பின் வரும் வளர்ப்பு, சோதனை ஆகியவற்றில் பெரும்பகுதி இங்கே சொல்லப்படுவதைப் போன்றதே.

ஊடகம் தயாரித்தல்

ஊடகம் என்பது அணுக்கள் வளரும் ஊட்டத் திரவம். அடிப்படை ஊடகம் டிஎம்இஎம், எஃப்12 ஆகிய இரண்டு ஆயத்தத் திரவங்களும் சமபங்கு கலந்தது. அதில் 2 விழுக்காடு பி27 அல்லது 1 விழுக்காடு என்2 துணைக்கலவை, 2 மில்லிமோலார் குளுட்டமின், வளர்ச்சிக் காரணிகளான ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2 ஆகியவை தலா மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம், ஹெப்பரின் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் ஆகியவை சேரும். பி27 வாங்கும்போது வைட்டமின் ஏ இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். வைட்டமின் ஏயிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் அணுக்களைப் பெருகவிடாமல் முதிரச் செய்யும் திசையில் தள்ளும். கன்றின் சீரத்தை இந்த ஊடகத்தில் ஒரு துளியும் சேர்க்கக்கூடாது. சீரம் பட்டால் கோளங்கள் தரையில் ஒட்டி, பெரும்பாலும் அஸ்ட்ரோசைட்டுகளாக மாறத் தொடங்கும்.

வளர்ச்சிக் காரணிகளை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அடர்த்தியில் கரைத்து, சிறு குழாய்களில் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து, கழித்தல் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாய் 50 மில்லிலிட்டர் ஊடகத்துக்குச் சரியாக இருக்கும்: 10 மைக்ரோலிட்டரில் 1,000 நானோகிராம்; அதை 50 மில்லிலிட்டரில் கலந்தால் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள். எஃப்ஜிஎஃப்-2 உடல் வெப்பநிலையில் விரைவாகச் செயலிழக்கும் தன்மையுடையது. ஹெப்பரின் சேர்ப்பதும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகக் காரணிகள் இடுவதும் இதனால்தான். கோளங்கள் திடீரென மெலிந்தால் பலர் முதலில் அணுக்களையே ஐயப்படுகிறார்கள். காரணிகளின் குழாய் எப்போது உருக்கப்பட்டது என்று பார்ப்பதே சரியான முதல் கேள்வி.

நம் ஊரின் ஈரக் காற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஊடகப் புட்டியின் கழுத்தில் சில நிமிடங்களிலேயே நீர் பூத்துவிடும். அந்த ஈரம் மூடிக்கும் கழுத்துக்கும் இடையே இறங்கி, பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வைக்குமுன் 70 விழுக்காடு எத்தனால் கொண்டு நன்கு துடைத்து, உலர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நீர்த்தொட்டியில் புட்டியைக் கழுத்துவரை அமிழ்த்தாதீர்கள். இன்குபேட்டரின் அடித்தட்டில் உள்ள நீரைக் கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீராக வாரந்தோறும் மாற்றுங்கள்.

மூளையைப் பிரித்தெடுத்தல்

கருவுற்ற எலியை ஒப்புதல் ஆவணத்தில் உள்ள முறைப்படி, பயிற்சி பெற்றவர் மட்டுமே உயிர்நீக்கம் செய்ய வேண்டும். வயிற்றை எத்தனாலால் நனைத்து, கருப்பையைக் கிருமியற்ற கருவிகளால் எடுத்து, பனிக்கட்டியின் மேல் குளிர்ந்திருக்கும் ஹாங்க்ஸ் உப்புக்கரைசலுக்கு மாற்றுங்கள். வயிற்றைத் திறக்கும் கருவிகள் ஒரு தொகுதி, மூளையைத் தொடும் கருவிகள் வேறொரு தொகுதி என்ற ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். தோலின் கிருமி மூளைக்குச் செல்வதை இது ஒன்றே பெருமளவு தடுத்துவிடும்.

கருக்களின் தலையைத் தனியே எடுத்து, கூறுபடுத்தும் நுண்ணோக்கியின் கீழ், முனை மிகக் கூரிய இடுக்கிகளால் தோலையும் இன்னும் இறுகாத மண்டையோட்டையும் நடுக்கோட்டில் கிழித்து விலக்கினால் மூளை முழுதாக வெளியே வரும். அதன் பிறகுதான் பொறுமை தேவைப்படும் வேலை: மூளையைப் போர்த்தியிருக்கும் மெனிஞ்சஸ் சவ்வை, இரத்தக் குழாய்களோடு சேர்த்து முழுமையாக உரித்தெடுப்பது. சிவந்த நூல்போல ஏதேனும் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். சவ்வு எஞ்சினால் நார்த்திசு அணுக்களும் இரத்தக்குழாய் அணுக்களும் வளர்ப்பில் கலந்து, அவை உங்கள் முடிவுகளுக்குள்ளும் நுழைந்துவிடும். பிறகு மூளையின் மேலடுக்கான புறணியை மட்டுமோ, முன்மூளையின் அடிப்புறத்து மேடான கேங்லியானிக் எமினென்ஸ் பகுதியை மட்டுமோ வெட்டி எடுங்கள். எந்தப் பகுதியை எடுத்தீர்கள் என்பதைப் படத்துடன் குறித்துவையுங்கள்; இவ்விரு பகுதிகளின் அணுக்களும் பிற்பாடு வெவ்வேறு வகை நரம்பணுக்களைத் தரும் இயல்புடையவை. முதல் தலையிலிருந்து கடைசி மூளைவரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பதை இலக்காகக் கொள்ளுங்கள்.

வளர்ந்த எலியானால், மூளையைக் குறுக்காக நறுக்கி, பக்க வென்ட்ரிக்கிளின் வெளிச்சுவரை மெல்லிய பட்டையாகச் சீவியெடுக்க வேண்டும். தடித்த துண்டு எடுத்தால் அணுக்கள் கூடுவதற்குப் பதிலாக மையலின்தான் கூடும்.

தனி அணுக்களாகப் பிரித்தல்

கரு மூளைக்கு நொதி பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் திசுவை இட்டு, முதலில் பெரிய முனையாலும் பிறகு 200 மைக்ரோலிட்டர் முனையாலும், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து முறை மெதுவாக உறிஞ்சி விடுங்கள். முனை எப்போதும் திரவத்துக்குள்ளேயே இருக்கட்டும். குமிழி எழுந்தால் அதன் பரப்பில் அகப்படும் அணுக்கள் கிழிந்துபோகும். உயிர்ப்பு விழுக்காடு, அதாவது உயிருள்ள அணுக்களின் பங்கு, எதிர்பாராமல் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம் குமிழிகளே. வளர்ந்த மூளைக்குப் பப்பெய்ன் நொதியை 37 டிகிரியில் அரை மணி நேரம்வரை பயன்படுத்தி, பின் அதைத் தடுக்கும் புரதத்தால் நிறுத்த வேண்டும். கரைசல் சளிபோல் இழுபட்டால், இறந்த அணுக்களிலிருந்து டிஎன்ஏ வெளியேறிவிட்டது என்று பொருள். டிஎன்ஏஸ் நொதி சிறிதளவு சேர்த்தால் அது தீரும். இழுத்து இழுத்துப் பிரிக்க முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

40 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டி, ஏறத்தாழ 200 ஜி விசையில் ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று எழுதாமல் ஜி மதிப்பையே எழுதுங்கள். பக்கத்து ஆய்வுக்கூடத்தின் சென்ட்ரிஃபியூஜில் சுழலியின் ஆரம் வேறு, ஆகவே அதே சுற்று வேகம் வேறு விசையைத் தரும்.

எண்ணும் முறை எளிது. ஆனால் பின்வரும் எல்லாக் கணக்கும் இதன்மேல் நிற்கிறது. அணுக்கரைசலையும், இறந்த அணுக்களில் மட்டும் ஏறும் டிரிப்பன் நீலச் சாயத்தையும் சமமாகக் கலந்து, கட்டங்கள் பொறித்த எண்ணும் கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரின் நான்கு மூலைச் சதுரங்களிலும் நீலம் ஏறாத அணுக்களை எண்ணி, சராசரியை 2ஆல் பெருக்கி, மீண்டும் 10,000ஆல் பெருக்குங்கள். சராசரி 45 என்றால் மில்லிலிட்டருக்கு 9 இலட்சம் உயிருள்ள அணுக்கள். 10 மில்லிலிட்டர் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 50,000 வீதம் இட வேண்டுமானால் 5 இலட்சம் அணுக்கள் தேவை. அதாவது அந்தக் கரைசலில் 0.56 மில்லிலிட்டர். கரு மூளையில் உயிர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், பிரிக்கும் முறையைச் சரிசெய்துவிட்டே அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள்.

வளர்ப்பும் பிரித்து மாற்றுவதும்

பூச்சில்லாத ஃபிளாஸ்கில் அணுக்களை இட்டு, 37 டிகிரி, 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடில் வைத்து, முதல் மூன்று நாள் அசைக்காதீர்கள். ஆவல் மிகுந்து நாளுக்கு நான்கு முறை எடுத்துப் பார்ப்பவர்களின் ஃபிளாஸ்கில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக் கட்டியாகிவிடும். இரண்டாம் நாள் பார்த்தால் இறந்த அணுக்களும் குப்பையுமாகத் தெரியும்; அது இயல்பு. மூன்றாம் நாளிலிருந்து சிறு கொத்துகள், ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் 100 முதல் 150 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பளிச்சென்ற கோளங்கள் தோன்றும். நல்ல கோளத்தின் விளிம்பில் நுண்ணிய முடிகள்போல நீட்சிகள் தெரியும். நடுப்பகுதி கறுத்தால் உள்ளே ஆக்சிஜனும் ஊட்டமும் எட்டாமல் அணுக்கள் மடியத் தொடங்கிவிட்டன. பிரித்து மாற்றும் நாள் கடந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

பிரித்து மாற்றும்போது கோளங்களைக் குறைந்த விசையில், ஏறத்தாழ 100 ஜியில் இறக்கி, அக்யூட்டேஸ் நொதிக் கரைசலில் 37 டிகிரியில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, சிறு முனையால் தனி அணுக்களாகப் பிரித்து, எண்ணி, மீண்டும் அதே அடர்த்தியில் இடுங்கள். இப்படிப் பிரித்து மாற்றுவது ஒவ்வொன்றும் ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் இட்ட எண்ணிக்கையையும் எடுத்த எண்ணிக்கையையும் எழுதிவந்தால், சில வாரங்களில் வளர்ச்சிக் கோடு தானாக உருவாகும். உண்மையான குருத்தணுக்கள் உள்ள வளர்ப்பு சீராக ஏறிக்கொண்டே போகும்; சில முறைகள் மட்டுமே பிளவுபடக்கூடிய இடைநிலை அணுக்கள் மட்டும் உள்ள வளர்ப்பு சில சுற்றுகளில் ஓய்ந்துவிடும். இரண்டாவது முதல் நான்காவது சுற்றுக்குள் போதிய குழாய்களை, உறையும்போது அணுக்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 விழுக்காடு கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்து, திரவ நைட்ரஜனில் சேமியுங்கள். பல சுற்றுகள் கடந்த அணுக்களில் குரோமோசோம் மாற்றங்கள் சேர்வதுண்டு, நரம்பணு தரும் திறனும் குறைவதுண்டு. ஆகவே பழைய ஃபிளாஸ்கை நீட்டித்துக்கொண்டே போகாமல், இளம் சுற்றுக் குழாயை உருக்கித் தொடங்குவதே நல்லது. மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணிய பாக்டீரியாவுக்கான சோதனையை மாதந்தோறும் செய்யுங்கள். அது ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, கண்ணுக்கும் தெரியாது.

சீனப் புத்தாண்டு, தீபாவளி, நீண்ட வார இறுதி ஆகியவற்றை நாட்காட்டியில் முன்பே குறித்து, அவற்றுக்கு ஏற்ப அணுக்களை இடும் நாளைத் தீர்மானியுங்கள். ஏழாம் நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அன்று வந்து பிரித்து மாற்ற யாராவது இருக்க வேண்டும்.

குருத்தணு என்று நிறுவுதல்

கோளம் உருவாகிவிட்டது என்பதால் குருத்தணு கிடைத்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. இடைநிலை அணுக்களும் கோளங்களை உண்டாக்கும். அதோடு, மிதக்கும் கோளங்கள் நகர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், ஒரு கோளம் ஓர் அணுவிலிருந்துதான் வந்தது என்று நெரிசலான வளர்ப்பில் சொல்லவே முடியாது. இதைப் புறக்கணித்து, கோளங்களின் எண்ணிக்கையையே குருத்தணுக்களின் எண்ணிக்கையாக எழுதிய ஆய்வறிக்கைகளை இன்றும் காண்கிறேன். புதிதாக வருபவர்கள் அந்த வழக்கத்தைத் தொடர வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

சரியான சோதனைக்கு 96 குழித் தட்டில் குழிக்கு ஓர் அணு வீதம் இடுங்கள். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்து, உண்மையிலேயே ஒரே அணு உள்ள குழிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் உருவாகும் கோளத்தைத் தனியே எடுத்துப் பிரித்து, இரண்டாம் தலைமுறைக் கோளங்களும் அவற்றிலிருந்து மூன்றாம் தலைமுறைக் கோளங்களும் வருகின்றனவா என்று பாருங்கள். இது புதுப்பிக்கும் திறனுக்கான சான்று. அதே கோளத்தின் ஒரு பகுதியைப் அணுக்கள் ஒட்ட உதவும் பாலி-எல்-ஆர்னித்தின், லேமினின் பூசிய கண்ணாடி வில்லையில் ஒட்டவிட்டு, வளர்ச்சிக் காரணிகளை நிறுத்தி, ஐந்து முதல் ஏழு நாள் முதிரவிடுங்கள். பிறகு ஒவ்வொரு வகை அணுவின் குறியீட்டையும் எதிர்ப்பொருள்களால் ஒளிரச் செய்யுங்கள்: பீட்டா-3 டியூபுலின் நரம்பணுவையும், ஜிஎஃப்ஏபி அஸ்ட்ரோசைட்டையும், ஓ4 ஒலிகோடென்ட்ரோசைட்டையும் காட்டும். முதிராத நிலையில் குருத்தணுக்களுக்குரிய நெஸ்டினும் சாக்ஸ்2வும் தெரிந்திருக்க வேண்டும். குறியீட்டோடு நேரடியாகப் பிணையும் முதல் நிலை எதிர்ப்பொருள் இடாத ஒரு வில்லை எப்போதும் உடன் இருக்கட்டும். அது இல்லாத ஒளிர்படத்தை நான் சான்றாக ஏற்பதில்லை.

மூளைக்குள் செலுத்துதல்

செலுத்துவதற்கான அணுக்கள் விலங்கின் சொந்த அணுக்களோடு கலந்தபின் பிரித்தறியப்பட வேண்டும். பச்சை ஒளிர்புரதம் கொண்ட எலி வகையிலிருந்து அணுக்களை எடுத்து, அதே மரபுவழி கொண்ட சாதாரண எலிக்குச் செலுத்துவது மிகத் தெளிவான ஏற்பாடு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. பிஆர்டியூ போன்ற டிஎன்ஏ குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். செலுத்திய அணு இறந்தால், அது விட்ட குறியீட்டை விருந்தோம்பி மூளையின் பிளவுபடும் அணுக்கள் எடுத்துக்கொண்டு, தாமே செலுத்தப்பட்ட அணுக்கள்போலத் தோன்றும்.

செலுத்தும் நாளன்று காலையில் இளம் கோளங்களைப் பிரித்து, வளர்ச்சிக் காரணிகள் நீங்கக் கழுவி, மைக்ரோலிட்டருக்கு 50,000 முதல் 100,000 அணுக்கள் வீதம் குளிர்ந்த உப்புக்கரைசலில் வையுங்கள். உயிர்ப்பு 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வளர்ப்பு அறையும் விலங்கு நிலையமும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தால், வெளி வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நண்பகலில் குழாயைக் கையில் பிடித்து நடக்காமல், மூடிய பனிப்பெட்டியில் கொண்டு செல்லுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எல்லா விலங்குகளுக்கும் முடிக்கும்படி திட்டமிட்டு, கடைசி விலங்கு முடிந்ததும் எஞ்சிய கரைசலில் உயிர்ப்பை மீண்டும் எண்ணி எழுதுங்கள். முதல் விலங்குக்கும் கடைசி விலங்குக்கும் இடையில் உயிர்ப்பு சரிந்திருந்தால், உங்கள் முடிவுகளில் காணும் வேறுபாடு அதனால் வந்ததாகவே இருக்கலாம்.

அறுவை அறையில் ஐசோஃப்ளூரேன் மயக்கம், கண்ணுக்குக் களிம்பு, உடலுக்கு வெப்பப் படுக்கை, கீறுவதற்கு முன்பே வலிநீக்கி ஆகிய நான்கும் தவறக்கூடாது; மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரின் ஒப்புதலுடனேயே தீர்மானியுங்கள். தலையை அசையாமல் பிடித்து ஊசியின் இடத்தை அளந்து வைக்கும் ஸ்டீரியோடாக்ஸிக் சட்டத்தில் தலையைப் பொருத்தி, மண்டையோட்டு எலும்புகள் சேரும் பிரெக்மா (முன்), லாம்டா (பின்) ஆகிய இரு புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருக்கும்படி சரிசெய்யுங்கள். தலை சாய்ந்திருந்தால் ஆழமாகச் செல்லுந்தோறும் பிழை பெருகும். வளர்ந்த சுண்டெலியின் மூளைக்குள் ஆழமாக உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதிக்குப் பிரெக்மாவிலிருந்து முன்னோக்கி 0.5 மில்லிமீட்டர், நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர், மூளைப் பரப்பிலிருந்து கீழ்நோக்கி 3 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு ஏற்ற இடம். அணுக்களைத் தொடுவதற்கு முன்பு, வேறு சோதனையில் உயிர்நீத்த எலியின் தலையில் சாயத்தைச் செலுத்தி, மூளையை நறுக்கி, சாயம் எங்கே விழுந்தது என்று பாருங்கள். எலி வகைக்கும் வயதுக்கும் ஏற்ப எண்கள் மாறும். சாயம் காட்டும் இடத்தைக்கொண்டு அவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஊசி நிரப்பும் முன்பும் குழாயை மெல்லத் தட்டி அணுக்களைக் கலக்குங்கள். அவை விரைவாக அடியில் படியும். ஒரு மைக்ரோலிட்டரை நான்கைந்து நிமிடத்தில் செலுத்தி, ஊசியை மேலும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு மிக மெதுவாக வெளியே எடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் அணுக்கள் ஊசித் தடத்தின் வழியே மேலேறி வெளியேறிவிடும். தையலிட்டு, விலங்கு விழித்து நடமாடும்வரை அருகில் இருங்கள். அடுத்த நாட்களில் எடை, நடை, உரோமத்தின் நிலை ஆகியவற்றைத் தினமும் எழுதி, ஒப்புதல் ஆவணத்தில் குறித்த எல்லையை எடை இழப்பு எட்டினால் தயங்காமல் மருத்துவரை அழையுங்கள்.

உப்புக்கரைசல் மட்டும் பெற்ற விலங்குகளும், உறைய வைத்து உருக்கிக் கொல்லப்பட்ட அணுக்களைப் பெற்ற விலங்குகளும் ஒப்பீட்டுக்கு வேண்டும். இரண்டாவது தொகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இறந்த அணுக்களை விழுங்கிய, மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியாக்களும் பச்சையாக ஒளிரும் என்பதை அந்தத் தொகுதிதான் வெளிப்படுத்தும்.

செலுத்திய பிறகு

ஒரு வாரம், நான்கு வாரம், பன்னிரண்டு வாரம் என்று வெவ்வேறு காலங்களில், ஆழ்ந்த மயக்கத்தில் பாராஃபார்மால்டிஹைடு செலுத்தி மூளையைப் பதப்படுத்தி, 30 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் அமிழ்த்தி, 30 முதல் 40 மைக்ரோமீட்டர் தடிப்பில் நறுக்குங்கள். மூளைத் திசு தானாகவே சற்று ஒளிரும் இயல்புடையது. ஆகையால் பச்சை ஒளியை மட்டும் நம்பாமல், பச்சை ஒளிர்புரதத்துக்கான எதிர்ப்பொருளாலும் உறுதிசெய்யுங்கள். செலுத்தியவற்றில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே இறந்துவிடுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். உயிர்பிழைத்தவற்றில் பலவும், புதிய நரம்பணுக்கள் இயல்பாகத் தோன்றாத பகுதிகளில், அஸ்ட்ரோசைட்டுகளாகவே முடியும். மூளை பாதிக்கப்பட்ட விலங்கின் நடையில் முன்னேற்றம் தெரிந்தாலும், புதிய அணுக்கள் பழையவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன என்று உடனே எழுதக்கூடாது. அவை சுரக்கும் பொருள்கள் எஞ்சிய நரம்பணுக்களைக் காத்திருக்கலாம், வீக்கத்தைத் தணித்திருக்கலாம். எது நடந்தது என்பதைத் தனிச் சோதனைதான் சொல்லும்.

பெருகும் அணுக்களைக் காட்டும் கேஐ67 சாயமேற்றலை எந்தக் காலத் தொகுதியிலும் விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாம் வாரத்திலும் செலுத்திய அணுக்கள் பெருகிக்கொண்டிருந்தால் அது எச்சரிக்கை. 2009இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், ரஷ்யாவில் கருவின் நரம்புக் குருத்தணுக்களைப் பெற்ற ஒரு சிறுவனுக்கு, சில ஆண்டுகள் கழித்து, அவ்வணுக்களிலிருந்தே மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தோன்றியது பதிவாகியிருக்கிறது. பக்கவாதத்தாலோ பார்க்கின்சன் நோயாலோ அவதிப்படும் தாத்தாவுக்காகவோ அத்தைக்காகவோ, "வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாமே, கூட்டிப் போகலாமா?" என்று குடும்பத்தினர் உங்களிடம் கேட்பார்கள். இத்துறையில் வேலை செய்பவர் என்ற முறையில், அந்தச் சிகிச்சை முறைப்படி ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வின் பகுதியா, பணம் வாங்கிக்கொண்டு செய்யப்படும் நிரூபிக்கப்படாத சிகிச்சையா என்பதை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்களை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எண்ணும்போது எந்தக் கண்ணாடித் தகடு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பது எண்ணுபவருக்குத் தெரியாதபடி வேறொருவர் குறியெண் இடட்டும். ஒவ்வோர் ஆறாவது துண்டை எடுத்து எண்ணுவதாக முன்பே முடிவெடுத்துவிட்டு, அழகாகத் தெரியும் துண்டுகளைத் தேடாமல், அந்த வரிசைப்படியே எண்ணுங்கள். பிழைத்த அணுக்களின் எண்ணிக்கையை, செலுத்திய எண்ணிக்கையோடும் கடைசியாக அளந்த உயிர்ப்பு விழுக்காட்டோடும் சேர்த்து எழுதுங்கள். எஞ்சிய துண்டுகளை உறைகாப்புக் கரைசலில் கழித்தல் 20 டிகிரியில் வைத்து, பெட்டியின் மேல் விலங்கின் எண், அணுக்களின் சுற்று எண், செலுத்திய தேதி ஆகிய மூன்றையும் எத்தனாலில் அழியாத பேனாவால் எழுதிவையுங்கள்.